விலா எலும்பும் என் இரண்டு கைகளும்

போன நத்தார் காலத்தில், கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முதல், என் மகன் ஜூட்டுக்கு வைரஸ் காய்ச்சல் என்று மாதா கோயிலில் எல்லாருக்கும் சொன்னேன். அது பொய். சிட்னியில் கிரவீன் என்ற இடத்தில் இருந்து சூப் காய்ச்சிக்கொண்டு வந்த பிலோ அன்ரிக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு சூப்பையும் வாங்கிக்கொண்டேன். நல்ல சூப். இப்போது ஜூட் சுகமாகி கனடாவில் இருக்கிறான், நானும் உண்மையைச் சொல்லத் துணிந்துவிட்டேன். அவனுக்கு வந்தது காய்ச்சல் இல்லை. வலது கையில் இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி உடைந்து துண்டுதுண்டாக நுரையீரலுக்குப் போனது. உடைத்து அனுப்பி வைத்தவள் நான்.

பிள்ளையின் கை வீங்கினால் முதலில் எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிற அம்மாமார் எங்கள் ஆட்களில் இன்னும் நிறையப் பேர். அவர்கள் இதை வாசிக்கவேண்டும். அதைவிட, எனக்கு என் மகனைப் பற்றிப் பெருமை பேச ஆசையாக இருக்கிறது. இத்தனை வருசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இனி என்னால் முடியாது.

நாங்கள் மன்னார் ஆட்கள். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு வந்து பதினெட்டு வருசம். என் கணவர் அருள் பஸ் ஓட்டுகிறார், எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. ஜூட் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் போல ரக்பி விளையாடித் திரிந்தான். பதினாறு வயதில் அமெரிக்கன் புட்போலில் போய் விழுந்தான். தலையில் இரும்புக் கம்பி வைத்த தொப்பி, தோளில் பெரிய கவசம். சிட்னியிலும் அதற்குச் சில கழகங்கள் இருக்கின்றன என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அவன் நிற்கிற இடத்துக்கு லைன்பேக்கர் என்று பெயர். முன்வரிசையில் மலை மாதிரி நிற்கிறவர்களுக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று முதலே கண்டுபிடித்து, பந்தோடு ஓடி வருகிறவனைக் கட்டிப்பிடித்து நிலத்தில் விழுத்தவேண்டும். பந்தை அவன் தொடுவதே அபூர்வம், காலால் அடிப்பது அறவே இல்லை. "பிறகேன்டா இதுக்கு புட்போல் எண்டு பேர்?" என்று அருள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

பதினெட்டு வயதில் அவன் விளையாடிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் ஒரு கல்லூரி முழுப் புலமைப்பரிசில் கொடுத்தது. கோயிலில் நாங்கள், "ஜூட்டுக்கு அமெரிக்காவில ஸ்கொலர்ஷிப்" என்று மட்டும் சொன்னோம். எதற்கு என்று சொல்லவில்லை. இஞ்சினியரிங்காக்கும் என்று சனம் தானாக நினைத்துக்கொண்டது, நாங்களும் திருத்தவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும், கெட்டதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆகவே ஒன்றையும் சொல்லாமல் இருப்பது. நாலு வருசமும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு முதல் குசினி மேசையில் லாப்டொப்பை வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டு அவன் ஆட்டங்களைப் பார்த்தேன். கடைசி வருசம் அவன்தான் தடுப்பு அணிக்குத் தலைவன். அவனுடைய பெயரை அந்த அறிவிப்பாளர்கள் நாக்குச் சுளுக்கச் சுளுக்கச் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும். பிறகு சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருப்பேன்.

கல்லூரியை முடிக்கிறவர்களைத் தொழில்முறை அணிக்காரர்கள் வந்து பார்க்கிற நாள் ஒன்று மார்ச் மாதம் வரும். ஓடவிடுவார்கள், பாயவிடுவார்கள், நூற்றிரண்டு கிலோ பாரத்தைப் படுத்திருந்து எத்தனை தரம் தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். பிடித்தால் சம்பளத்துக்கு விளையாடலாம். பிடிக்காவிட்டால் நாலு வருசப் பாடும் படத்தில் பார்க்கத்தான். ஜூட்டைப் பற்றி ஒரு அமெரிக்க அணியும் இரண்டு கனடா அணிகளும் ஏற்கெனவே விசாரித்து எழுதியிருந்தன. அந்த மார்ச்சை மனதில் வைத்துக்கொண்டுதான், நாலு வருசத்தில் முதல் தடவையாக நத்தாருக்கென்று நவம்பர் கடைசியிலேயே வீட்டுக்கு வந்தான்.

வந்த நாளில் இருந்து கராஜுக்குள் பாரம் தூக்கினான். மூன்றாவது கிழமை ஒருநாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இடது கையால் கரண்டி பிடித்தான். வலது கையைப் பார்த்தேன். தோளில் இருந்து விரல் வரை வீங்கி, நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஒரு நிறம்.

"பாரம் கூடிப்போச்சு அம்மா. மசில்தான்" என்றான்.

மசில் என்றால் அது என்னுடைய இலாகா. சின்ன வயதில் கடலால் வருகிற அப்பாவின் தோளை உருவி விட்டுப் பழகிய கை இது. இப்போதும் வேலை செய்கிற இடத்தில் யாருக்காவது கழுத்துப் பிடித்தால் என்னைத்தான் தேடுவார்கள். நல்லெண்ணெயில் உள்ளி தட்டிப் போட்டுக் காய்ச்சி, அவனைக் கதிரையில் இருத்தி, விரல் நுனியில் தொடங்கித் தோள்மூட்டு வரை கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒரு மணித்தியாலம் உருவினேன். கெட்ட நீரை மேலே தள்ளினால் வற்றிப்போகும் என்பது எங்கள் வைத்தியம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அடுத்த நாளும் அதே கூத்து. கை இன்னும் வீங்கியதைப் பார்த்து, "இனித்தான் இளகத் தொடங்குது" என்று சொன்ன கெட்டிக்காரி நான்.

மூன்றாம் நாள் காலை மாடியில் இருந்து இறங்கி வந்தவன் பாதிப் படியில் இருந்துவிட்டான். நூற்றியாறு கிலோ பிள்ளை, முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, மூச்சு எடுக்க நெஞ்சுக்குள்ள குத்துது."

சந்தோசமாக இருந்தால் அவன் ஆங்கிலத்தில்தான் பேசுவான். தமிழில் சொன்னதால் அருளைக் கத்திக் கூப்பிட்டேன். அருள் ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் சப்பாத்தோடு காரை எடுத்தார். போகிற வழியில் நான் முன்சீற்றில் இருந்து திரும்பி மகனிடம் சொன்னதை மறைக்கப்போவதில்லை. "எண்ணெய் பூசி உருவினதை அங்க சொல்லிப்போடாத. என்ன சனம் எண்டு சிரிப்பினம்." அவன் தலையை ஆட்டினான்.

எமர்ஜென்சியில் வாசலில் இருந்த தாதி அவன் விரலில் கிளிப் ஒன்றைப் போட்டு, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்தார். காத்திருப்பு அறையில் முப்பது பேர் இருக்க எங்களை உடனே உள்ளே எடுத்தார்கள். பரவாயில்லை, கெதியாக எடுத்துவிட்டார்கள் என்று நான் அருளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தால் சந்தோசப்படக்கூடாது என்பது எனக்குத் தெரியாது.

இரத்தம் எடுத்தார்கள். கைக்கு மேல் பசை பூசி ஸ்கான் செய்தார்கள். பிறகு நரம்புக்குள் ஒரு மருந்து ஏற்றிவிட்டு நெஞ்சை சி.டி. எடுத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தார். டொக்டர் கதிரையில் இருந்தால் நல்ல செய்தி இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். கையில் இருந்து இரத்தத்தை நெஞ்சுக்குக் கொண்டுபோகிற பெரிய குழாய், தோள் எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான வழியால் போகிறது. பாரம் தூக்கித் தூக்கி மசில் பெருத்தவர்களுக்கு அந்த வழி இன்னும் ஒடுங்கி, கையை உயர்த்துகிற ஒவ்வொரு தரமும் குழாய் நசியும். நசிந்து நசிந்து ஒருநாள் உள்ளே இரத்தம் உறைந்துவிடும். ஜூட்டுக்கு அதுதான். அதோடு இரண்டு நுரையீரலிலும் துண்டுகள் போய் அடைத்திருந்தன.

"கையில் அடிபட்டதா? யாராவது அழுத்தினார்களா, மசாஜ் செய்தார்களா?" என்று கேட்டார்.

ஜூட் என்னைப் பார்த்தான். "இல்லை" என்றான்.

வார்ட்டுக்கு ஏற்றினார்கள். ஹெபரின் என்று, புதிதாக இரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து துளித்துளியாக ஓடியது. கைக்குழாய்க்குள் மெல்லிய வயர் ஒன்றை விட்டு, கட்டியைக் கரைக்கிற மருந்தையும் நேரே அதன்மேல் ஊற்றினார்கள். அது கரையும்வரை ஒரு முழுநாள் அவன் அசையாமல் படுத்திருக்கவேண்டும். அங்கே கவிதா என்று மதுரைப் பிள்ளை ஒன்று நேர்ஸாக இருந்தது. "தம்பி, எந்திரிக்கவே கூடாது, புரியுதா? உங்க கோச் சொன்னாக்கூட" என்று அவனை அதட்டும். முதல்நாளே அவன் கையைத் துடைக்கும்போது மூக்கைச் சுளித்து, "என்னம்மா, பூண்டு வாசனை அடிக்குது. எண்ணெய் ஏதாச்சும் போட்டீங்களா?" என்று என்னைக் கேட்டது. "இல்லைப் பிள்ளை, என்ர சமையல் கை" என்று சொன்னேன். கேட்டவுடன் பொய் அப்படி ஓடி வந்தது.

ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு வெள்ளைப் பலகை. நோயாளியின் பெயர், அன்றைக்கு எந்த நேர்ஸ், அதற்குக் கீழே 'எனக்கு முக்கியமானது' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் 'வீட்டுக்குப் போவது', 'என் நாய்' என்று எழுதியிருந்தார்கள். ஜூட் தன் தங்கை ஷெரினிடம் சொல்லி, 'மார்ச்' என்று எழுதுவித்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் என்று ஒன்று வரவில்லை. கார் நிறுத்தக் காசு கேட்கிற மெஷினோடு மட்டும் அருள் தினமும் சண்டை. பஸ் ஓட்டி முடித்த யூனிபோர்மோடு வருவார், கையில் புட்டும் சொதியும், பாதி வழியில் ஆறிப்போய் இருக்கும். என் மகள் ஷெரின் தன்னுடைய பரீட்சைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அண்ணனின் காலடியில் இருந்து படிப்பாள். அவளும் அவனும் பேசிக்கொள்வது குறைவு. அவன் கால்விரலைச் சுண்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பிசியோதெரபிப் பெண் வந்து விரலை மடக்கி விரிக்கப் பழக்கினாள். போகிறபோக்கில் சொன்னாள், "இந்தக் கையை யாரும் தேய்க்க விடாதே. தேய்த்தால் துண்டு உடைந்து நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்."

நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். ஜூட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். அருள் எழும்பி வந்து என் கையில் இருந்த கோப்பையை மெதுவாக வாங்கினார். "சொல்லுவமா?" என்று காதுக்குள் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். முதலில் சிரிப்பார்கள் என்று மறைத்தது, இப்போது பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்பார்களே என்று மறைத்தேன். துண்டு ஏற்கெனவே போய்விட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அன்றைக்குத்தான் பிலோ அன்ரி போன் எடுத்தார், வைரஸ் காய்ச்சல் என்றேன்.

அடுத்த நாள் இரத்த நோய்களுக்கான பெரிய டொக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு வருவார். முகத்தில் குழப்பம் இருந்தது.

"விலா எலும்பு நெரித்ததால் கையில் கட்டி வந்தது, அது சரி. ஆனால் வீங்கி இரண்டு நாளைக்குள் இரண்டு நுரையீரலுக்கும் இவ்வளவு போனதுதான் எனக்கு விளங்கவில்லை. இவருடைய இரத்தத்துக்கே உறைகிற சுபாவம் இருக்கலாம். அப்படியானால் உறையாமல் தடுக்கிற மாத்திரையை ஆயுள் முழுக்க எடுக்கவேண்டிவரும். அதை எடுக்கிறவர் அடிபடுகிற விளையாட்டு விளையாடக்கூடாது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்தால் நிற்காது" என்றார்.

ஜூட் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஒருநாளும் இல்லையா?"

"இப்போதைக்கு நான் அப்படித்தான் நினைக்கவேண்டும்."

அவர் போனபிறகு ஜூட் மருந்து வயர்களை ஒதுக்கிக்கொண்டு எழும்பினான். பலகையில் இருந்த 'மார்ச்'சை இடது கையால் அழித்தான். சுத்தமாக அழியவில்லை. அழியும்வரை தேய்த்தான். பிறகு வந்து படுத்தான்.

"நீ ஏன்டா அவைக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"முதல்ல நீங்க வேண்டாம் எண்டனீங்கள்."

"நேற்று அந்தப் பிசியோப் பெட்டை சொன்னாப் பிறகு?"

போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டான். பிறகு தமிழில் சொன்னான், தட்டித் தடவி. "சொன்னா எல்லாரும் உங்களைப் பார்ப்பினம் அம்மா. நீங்க தாங்கமாட்டீங்கள். புட்போல் போனாப் போகட்டும்."

எதிரே ஓடி வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முதலே கண்டுபிடிக்கிற பிள்ளை என்னையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். அவன் பிறந்த நாளில் இருந்து அவனைப் பற்றி நான் இவ்வளவு பெருமைப்பட்டதும் இல்லை, என்னைப் பற்றி இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை. பதினாறு வயதில் இருந்து அவன் ஆசைப்பட்ட ஒன்றை, என் முகம் கறுக்கக்கூடாது என்று விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தான். அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாமா?

எழும்பி நேர்ஸ்மார் இருக்கிற மேசைக்குப் போனேன்.

"கவிதா, அந்த ரத்த டொக்டரைக் கூப்பிடுங்கோ."

"ரவுண்ட்ஸ் முடிஞ்சு போயிட்டாரும்மா. நாளைக்குத்தான் வருவாரு."

"இல்லை. இண்டைக்கு. நான் அவருக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், உள்ளி, இரண்டு மணித்தியாலம், காருக்குள் சொன்ன புத்தி. அந்தப் பிள்ளை திட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. "எங்க ஊர்லயும் இதத்தாம்மா பண்ணுவாங்க. அன்னைக்கே கேட்டேன்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை எடுத்தது.

அரை மணித்தியாலத்தில் டொக்டர் வந்தார், பின்னால் நாலு பழகுனர் டொக்டர்கள். எனக்கு வேலைக்குப் போதுமான ஆங்கிலம் இருக்கிறது, ஆனால் இதற்குப் போதவில்லை. கவிதா பக்கத்தில் நின்று விட்ட இடங்களை நிரப்பியது.

"எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

பலத்தை எந்த மொழியில் சொல்வது? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சேர்ட் கையை மடித்து நீட்டினார். "செய்து காட்டுங்கள்."

"டொக்டர், கவனம்" என்றார் அருள்.

முழங்கைக்குக் கீழே தொடங்கி நான் எப்படி உருவினேனோ அப்படி உருவினேன். அரைவாசி போகமுன் மனிதர் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டார். பழகுனர் டொக்டர் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அந்தச் சிரிப்பு கடைசியில் வந்தேவிட்டது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

டொக்டர் கையைத் தடவிக்கொண்டு கோப்பில் நீளமாக எழுதினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். திரும்பவும் கதிரை.

"கட்டி ஏன் வந்தது என்பதற்குக் காரணம் இருந்தது. ஏன் இவ்வளவு தூரம் போனது என்பதற்குத்தான் இல்லை. இப்போது அதற்கும் இருக்கிறது" என்றார். "இதை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன். விலா எலும்பை எடுப்போம். மூன்று மாதம் மாத்திரை. ஏப்ரலில் அதை நிறுத்தி, இரத்தத்தைத் திரும்பச் சோதிப்போம். சுத்தமாக இருந்தால் ஆயுள் மருந்து தேவையில்லை." எழும்பிப் போகும்போது என் பக்கம் திரும்பினார். "உங்கள் மகன் செத்திருக்கலாம். இனி ஒருநாளும் செய்யாதீர்கள். ஆனால் என்னைக் கூப்பிட்டதற்கு நன்றி."

ஜூட் பலகையைப் பார்த்தான். ஷெரின் பேனையை எடுத்து, "என்ன எழுத?" என்று கேட்டாள். "ஏப்ரல்" என்றான்.

நத்தாருக்கு முந்தின கிழமை அறுவைச் சிகிச்சை. அக்குளுக்குள்ளால் வெட்டி, முதலாவது விலா எலும்பை எடுத்து, குழாய் போகிற வழியை அகலமாக்குவது. அது இல்லாமல் வாழலாம், பாரமும் தூக்கலாம் என்று சத்திரசிகிச்சை செய்கிற அம்மா சொன்னார். ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அருள் மகனின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "ஆதாமிட்ட ஒரு விலாவை எடுத்துப்போட்டு ஆண்டவர் பொம்பிளை குடுத்தவர். உனக்கு என்ன தாறார் எண்டு பாப்பம்" என்றார். ஜூட் சிரித்துக்கொண்டு போனான். கதவு சாத்தினவுடன் அருள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். கலியாணம் கட்டி இருபத்தைந்து வருசத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். செபமாலையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவருடைய விரல்களைப் பிடித்து, அதில் எண்ணிச் செபித்தேன். மூன்றரை மணித்தியாலம், பத்து விரலும் எத்தனை தரம் சுற்றி வந்தது என்று தெரியாது.

மயக்கம் தெளிந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "எலும்பைப் பார்க்கலாமா?" லாப்புக்குப் போய்விட்டது என்று சொன்னதில் அவனுக்கு இன்றுவரை மனவருத்தம்.

நத்தார் முடிந்து வீட்டுக்கு வந்தான். மார்ச் வருவதற்கு முதல் மூன்று அணிக்காரருக்கும் கடிதம் எழுத இருந்தான். எனக்குப் பழைய பழக்கம் திரும்பவும் தலையைக் காட்டியது. "தோள் நோ எண்டு மட்டும் எழுதன். எல்லாத்தையும் ஏன் கொட்டுறாய்?" என்றேன். அவன் திரும்பி, "அம்மா, நீங்க டொக்டரைத் திருப்பிக் கூப்பிட்டனீங்கள்தானே?" என்றான். நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பினான். அமெரிக்க அணியிடம் இருந்து பதிலே இல்லை. ஒரு கனடா அணி, சுகமடைய வாழ்த்துகிறோம் என்று கைகழுவியது. மற்றக் கனடா அணி மட்டும், ஏப்ரலில் டொக்டரின் அறிக்கையை அனுப்பு, பார்க்கலாம் என்று எழுதியது.

மார்ச்சில் அவனோடு படித்த பெடியள் ஓடியதையும் பாய்ந்ததையும் குசினி மேசையில் இருந்து லாப்டொப்பில் பார்த்தான். ஒவ்வொருவனுக்கும் கைதட்டினான். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஏப்ரலில் மாத்திரையை நிறுத்திப் பார்த்த இரத்தச் சோதனை சுத்தமாக வந்தது. சைக்கிள் டொக்டர் இரண்டு பக்கத்தில் கடிதம் கொடுத்தார், விளையாடலாம் என்று. கனடா அணி பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லி, மருத்துவப் படிவம் ஒன்றையும் அனுப்பியது. அதை நிரப்பிவிட்டு, "அம்மா, இதை வாசிச்சுச் சரி பாருங்கோ" என்று லாப்டொப்பை என் பக்கம் திருப்பினான். நுரையீரலுக்குக் கட்டி போனதன் காரணம் என்ன, அதற்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். ஜூட் எழுதியிருந்தான்: 'காரணம், முதலாவது விலா எலும்பும் என் அம்மாவும். விலா எலும்பு அகற்றப்பட்டுவிட்டது. அம்மா எச்சரிக்கப்பட்டுவிட்டார்.'

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு அது சிரிப்பாக இல்லை. அழிக்கவா என்று கேட்டான். "ஒண்டும் அழிக்கத் தேவையில்லை. அப்பிடியே அனுப்பு" என்றேன்.

அவன் விமானம் ஏறிய ஞாயிறு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் பிலோ அன்ரியிடம் போய், புட்போலில் தொடங்கி விலா எலும்பு வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப வைரஸ் காய்ச்சலுக்கெண்டு நான் மிளகு கூடப் போட்டுக் காய்ச்சின சூப்?" என்றார். அதை நான்தான் குடித்தேன் என்ற உண்மையையும் சொன்னேன். அடுத்த ஞாயிறுக்குள் கோயில் முழுக்க லைன்பேக்கர் என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

முகாமில் எண்பது பேருக்கு மேல். ஒவ்வொரு கிழமையும் பெயர்களை வெட்டுவார்கள். போன வெள்ளிக்கிழமை கடைசிப் பட்டியல் வந்தது. ஜூட் இருக்கிறான். முதல் வரிசையில் இல்லை, யாருக்காவது ஏலாமல் போனால் இறக்குகிற பயிற்சி அணியில். ஆனாலும் சம்பளம் உண்டு, முதுகில் பெயர் போட்ட சட்டை உண்டு. எங்கள் பெயர் நீளம் என்பதால் இரண்டு தோளிலும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நேற்று வீடியோவில் வந்தான். முழுவேகத்தில் மோதி விளையாடிய நாள், வலது தோள் வீங்கியிருந்தது. "கை நீலமா? மூச்சு?" என்று கேட்டேன். டீம் டொக்டர் அப்போதே ஸ்கான் செய்து பார்த்தாராம், குழாயில் இரத்தம் நன்றாக ஓடுகிறது, வெறும் அடிதான் என்றான். தோளைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினான்.

என் இரண்டு கையும் தானாக எழும்பிவிட்டது. கட்டைவிரல்கூட மடங்கி ஆயத்தமாகிவிட்டது. அவன் அதைக் கண்டுவிட்டு, அங்கே இருந்தபடியே ஒரு விரலை நீட்டி என்னை எச்சரித்தான்.

கைகளைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "ஐஸ் வை ராசா" என்றேன். ஐஸ் உருகும்வரை அப்படியே இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.